வேட்டு மேடமும் கெட்டித்த துப்பாக்கியும்

பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மனிதரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு கோளாறு, அவருக்கு வரவேண்டிய பயமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வந்துவிடும். விழுப்புரம் ஆபீசில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த நாட்களில் என் பங்குக்கும் அவர் பங்குக்கும் சேர்த்து நான் ஒருவனே பயந்துகொண்டிருந்தேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். ஆபீசுக்குள்ளும் சரி, வாசல் டீக்கடையிலும் சரி, அவர் வேட்டு மேடம்.

பெயர் வந்த கதை எளிமையானது. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் பியூன் விளையாட்டாக வராந்தாவில் ஒரு அணுகுண்டைக் கொளுத்திப் போட்டார். சூப்பிரண்டு கையிலிருந்த டீ சட்டைக்குள் போனது. டைப்பிஸ்ட் அம்மா 'முருகா' என்று கத்தினார். நான் மேஜைக்கு அடியில் எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. மேடம் மட்டும் கவரில் பசை தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"மருந்து நமுத்துப் போச்சு. சத்தம் முழுசா வர்ல. எந்தக் கடையில வாங்கின?" என்று பியூனைக் கேட்டார்.

பதிவறையில் பாம்பு வந்தபோதும் இதே கதைதான். சூப்பிரண்டு தன் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டு அங்கிருந்தே உத்தரவுகள் போட்டார். மேடம் ஒரு அடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "சாரைதான் இது. நல்ல பாம்பா இருந்தா படம் எடுக்கும்," என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, கோழியை விரட்டுவதுபோல் "போ, போ, அந்தாண்ட போ" என்று அதைக் காம்பவுண்டுக்கு வெளியே அனுப்பிவைத்தார். பாம்பு போய்விட்டது. சூப்பிரண்டு சாப்பாட்டு நேரம் வரைக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேடத்தின் சேலையில் ஒரு வாசனை இருக்கும். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக வாசனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை ஏதோ மூட்டுவலித் தைலம் என்று நினைத்துவிட்டேன். "எந்தக் கம்பெனி தைலம் மேடம்?" என்றும் கேட்டேன்.

"தைலமா? துப்பாக்கி மருந்து தம்பி. ஞாயித்துக்கிழம நானும் எங்க நைனாவும் வேட்டைக்குப் போவோம்," என்றார், காய்கறி வாங்கப் போவதைச் சொல்வதுபோல.

நைனா என்பது அவருடைய அப்பா. எண்பதைத் தாண்டியவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சொந்தக் கொல்லையில், பயிருக்கு நடுவே கட்டிய வீட்டில், மனைவி போன பிறகு தனியாக இருந்தார். காது மந்தம். அவரிடம் அவருடைய தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. தோட்டா போட்டுச் சுடுகிற ரகமில்லை. குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே துணியை வைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கத்தில் பித்தளையில் சின்னத் தொப்பி மாதிரி ஒரு கேப்பை மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி அந்தக் கேப்பின் மேல் விழும். பொறி உள்ளே போகும். அப்புறம் ஊரே எழுந்துவிடும். பயிரைக் காப்பதற்கென்று அதற்கு முறையாக லைசென்ஸ் இருந்தது.

சின்ன வயதில் மேடம் பாவாடை சட்டையோடு நைனாவுக்குப் பின்னால் மருந்துக் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு கவுதாரிக்கும் காடைக்கும் போனவர். பிறகு பறவைகளைச் சுடக் கூடாதென்று சட்டம் இறுகியதும் நைனா ஈய ரவைகளை எல்லாம் உருக்கி மீன் வலைக்குக் குண்டாகக் கொடுத்துவிட்டாராம். அதற்காக வேட்டை நின்றுவிடவில்லை. பறவை விழுவது மட்டும்தான் நின்றது. கேழ்வரகுக் கதிரில் குருவிக்கூட்டம் இறங்கினால் நைனா வெறும் மருந்தைக் கெட்டித்து, வரப்பில் பதுங்கிப் பதுங்கிப் போய், குறிபார்த்து, கடைசி நொடியில் குழலை வானத்துக்குத் தூக்கிச் சுடுவார். குருவிகள் எழுந்து பக்கத்துக் கொல்லையில் போய் உட்காரும். பக்கத்துக் கொல்லைக்காரர் சண்டைக்கு வருவார். அப்பாவும் மகளும் அவருக்கு டீ கொடுத்து அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டே நான் பயந்து முடித்துவிட்டேன், இனி பாக்கி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தேர்தல் வந்தது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நைனாவும் தன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏறி, திண்டிவனம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். தேர்தல் முடிந்தது. திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. அதற்குள் நைனாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பஸ் படி ஏற முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன்.

"தம்பி, சனிக்கிழம உன் காரு சும்மாதான இருக்கு?"

"இல்லைங்க மேடம், சனிக்கிழமை எனக்கு ஒரு…"

"காலையில ஜல்தியா வந்துடு. வெயிலு ஏறிடும்."

போனேன். கிராமத்துக்குப் போய் நைனாவை ஏற்றிக்கொண்டோம். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆளு வத்தலா இருக்கான். துப்பாக்கி தூக்குவானா?" என்று மகளிடம் கேட்டார்.

"இவுரு டிரைவரு மட்டும்தான் நைனா."

ஸ்டேஷனில் அதிக நேரம் ஆகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ஏட்டு துப்பாக்கியை எடுத்துவந்து, "பத்திரமா கொண்டு போங்க பெரியவரே," என்று மரியாதையாகக் கொடுத்தார். நைனா அதைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினார்.

துப்பாக்கி நீளம், என் கார் சின்னது. நைனா பின் சீட்டில் உட்கார்ந்து துப்பாக்கியைக் காலுக்கிடையில் சாய்த்துக்கொண்டார். குழல் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே வந்து, என் இடது காதுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. காலித் துப்பாக்கிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டினேன்.

கடைத்தெருவில் ஒரு வேகத்தடை. வண்டி குதித்தது. பின்னால் நைனா நிதானமாகக் கேட்டார்:

"பாப்பா, இதுல மருந்து கெட்டிச்சேனா?"

மேடம் சட்டென்று பின்னால் திரும்பினார். "இன்னா நைனா சொல்ற?"

"இல்ல… ஸ்டேஷன்ல குடுக்கப் போன அன்னைக்கி காலையில குருவி வந்துக்கினு இருந்துச்சு. கெட்டிச்சேன். சுட்டேனான்னுதான் ஞாபகம் வர்ல."

என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கு போடாத!" என்றார் மேடம். அவர் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. "மெதுவா உருட்டிக்கினு போ. இங்க நிறுத்தாத, பள்ளிக்கூடத்துப் பசங்க போய்க்கினு இருக்காங்க. ஊரு தாண்டட்டும். நைனா, குதிரைக்கு அடியில கேப்பு இருக்கா பாரு. கை வைக்காத, பார்த்துட்டு மட்டும் சொல்லு."

நைனா குனிந்து பார்த்தார். "இருக்கு. பச்ச களிம்பு புடிச்சி ஒட்டிக்கினு இருக்கு."

எனக்கு அப்போது பஸ் ஞாபகம் வந்தது. கெட்டித்த துப்பாக்கி டவுன் பஸ்ஸில், கூடைக்காரிகள் காலடியில் உருண்டுகொண்டே வந்திருக்கிறது. தேர்தல் முடியும் வரைக்கும் ஸ்டேஷன் மூலையில் நின்றிருக்கிறது. அதெல்லாம் போகட்டும். இப்போது என் காதில் ஓதிக்கொண்டு வருகிறது.

"மேடம், குழலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்களேன்," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி இருந்தது.

குழலை ஜன்னல் வழியாக வெளியே, வானம் பார்த்து நீட்டினார்கள். அதனால் என் காது தப்பியது, மானம் போனது. பக்கத்தில் மோட்டார் பைக்கில் வந்த ஒருவர் எங்களை முந்தப் பார்த்தார், குழலைப் பார்த்தார், அப்படியே பின்வாங்கி ஒரு ஜவுளிக்கடைக்குள் வண்டியோடு போய்விட்டார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், வாழ்நாளில் முதல் முறையாக இருக்கும், ஹாரன் அடிக்காமல் எங்களுக்கு வழிவிட்டார். மாட்டு வண்டிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. நான் வழியிலிருந்த தெய்வங்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மயிலம் முருகனுக்கு மட்டும் மொட்டை, காவடி, பால்குடம் என்று வேண்டுதல் ஏறிக்கொண்டே போனது.

ஒருவழியாகக் கொல்லைக்கு வந்து சேர்ந்தோம். மேடம் முதலில் இறங்கி, துப்பாக்கியை வானம் பார்த்தபடியே வாங்கி, தூரத்தில் வரப்பின் மேல் படுக்க வைத்தார். குழல் ஆளில்லாத ஏரிக்கரையைப் பார்த்து இருந்தது. ஒட்டியிருந்த கேப்பை ஒரு ஆணியால் நெம்பிப் பார்க்கப் போனார்.

"நோண்டாத! நோண்டுனா வெடிக்கும்," என்று நைனா கத்தினார். "குடு இங்க. நான் வானத்த பார்த்து சுட்டுட்டுப் போறேன். இதுக்கு இன்னா பேஜாரு?"

மேடம் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. அப்பாவின் காதருகே போய், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "நைனா, எத்தினி வாட்டி கெட்டிச்ச?"

நைனா துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒருக்கா கெட்டிச்சிட்டு, மறந்து போய் மறுபடியும் கெட்டிச்சியா? நல்லா யோசிச்சி சொல்லு."

நைனா கேழ்வரகுக் கதிர்களைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கி குருவி நிறைய வந்துருக்கு," என்றார்.

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது. இரட்டை மருந்து என்றால் குழலே பிளந்துவிடும், சுடுகிறவர் முகம் மிஞ்சாது என்று அவர் எனக்குப் பிறகுதான் சொன்னார். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் மருந்துக்குப் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"மோட்டார் கொட்டகையில கயிறு இருக்கு தம்பி, வா," என்று என்னை அழைத்துப் போனார். கயிற்றில் விழுந்திருந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். பாம்புக்கும் அணுகுண்டுக்கும் அசையாத அந்தக் கைகளுக்கு ஒரு முடிச்சு அவிழவில்லை.

"கெட்டிச்ச துப்பாக்கிய நைனா வூட்டு வாசப்படிகூட தாண்ட வுடமாட்டாரு. ஒருக்கா நான் மறந்துட்டு எடுத்துக்கினு வந்தேன்னு ரெண்டு நாள் என்கூட பேசல. அந்த ஆளு இப்ப பஸ்ஸுல எடுத்துக்கினு போயிருக்காரு தம்பி," என்றார்.

கயிற்றை வாங்கி முடிச்சை நான் அவிழ்த்தேன்.

மண் நிரப்பிய உர மூட்டைகளைத் துப்பாக்கியின் இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்தோம். விசையில் கயிற்றைக் கட்டி, கொட்டகையின் செங்கல் சுவருக்குப் பின்னால்வரை கொண்டுபோனோம். இனி குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அதைக் கையால்தான் செய்ய வேண்டும். வழுக்கினால் அங்கேயே வெடிக்கும்.

"நான் இழுக்கறேன்," என்றார் மேடம்.

"உன் கட்டைவிரல்ல பலம் பத்தாது. நான்," என்றார் நைனா.

கடைசியில் இரண்டு பேரும் உர மூட்டைக்குப் பின்னால் குனிந்தார்கள். அவர் கட்டைவிரல் மேல் மகள் கட்டைவிரல். நான் சுவருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். 'டக்' என்று குதிரை நின்ற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது இரண்டு பேரும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நைனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தார்.

"கயித்த நான்தான் இழுப்பேன். அதயாச்சும் குடு," என்றார்.

மேடம் கொடுத்தார். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டை இடுப்பில் கட்டி, ஒரு இழுப்பு இழுத்தார்.

'டிக்.'

அவ்வளவுதான். குருவிகள் கேழ்வரகைத் தின்றுகொண்டிருந்தன. எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"வெடிக்கல," என்றேன், உலகத்திலேயே மகிழ்ச்சியான மனிதனாக.

"மூச்சு வுடாத. சில நேரம் உள்ள பொறி கனிஞ்சிக்கினு இருக்கும், நின்னு வெடிக்கும்," என்றார் மேடம்.

நைனா அதற்குள் எழுந்துவிட்டார். "மருந்து நமுத்திருக்கும். போயி எடுத்துக்கினு வர்றேன்," என்று சுவரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். மேடம் பாய்ந்து அவரை இடுப்போடு பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"வுடுடி! உங்கப்பன் நானு! எனக்கே துப்பாக்கி சொல்லிக் குடுக்கிறியா?"

"உட்காரு நைனா."

"கைய எடு!"

"எடுக்க மாட்டேன்!"

அப்போது வெடித்தது.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. கொட்டகையின் தகரக் கூரை எழுந்து உட்கார்ந்தது. ஏரியிலிருந்த கொக்கு, நாரை, நீர்க்கோழி எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வானம் கறுத்தது. ஏதோ ஒன்று 'விர்ர்' என்று போய்த் தென்னை மரத்தில் அடித்தது. நான் தரையில் கிடந்தேன். என் காருக்கு அடியில் கிடந்தேன் என்று மேடம் பிறகு ஆபீசில் சொன்னது மிகை. பாதி உடம்பு வெளியில்தான் இருந்தது.

புகை விலக நேரமாயிற்று. போய்ப் பார்த்தோம். குழல் பின்பக்கத்தில் வாழைப்பூ விரிந்ததுபோல் பிளந்திருந்தது. கட்டை உடைந்து தனியே கிடந்தது. தென்னை மரத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு குத்தி நின்றது.

நைனா வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ரெண்டு தபா கெட்டிச்சிருக்கேன் பாப்பா."

"இல்ல நைனா. தாத்தா காலத்து இரும்பு. துரு தின்னிருக்கு, அதான்," என்றார் மேடம், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

நைனா மகளைப் பார்த்தார். அப்புறம் தென்னை மரத்தைப் பார்த்தார். "சுடச் சொல்லி உன் கையில குடுத்திருந்தேன்னா?"

"குடுக்கலயே. வா, முட்டி வலிக்கும், உட்காரு."

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். அதைத் திறந்து கொடுக்கும்போது பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் கொட்டியது.

உடைந்த துப்பாக்கியை மறுபடி சாக்கில் கட்டி, லைசென்சோடு சேர்த்து ஒப்படைக்க அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனோம். காலையில் எடுத்துக்கொடுத்த அதே ஏட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டுத் துப்பாக்கி நின்றிருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் தெனமும் தொப்பிய அதுமேலதான் சார் மாட்டுவேன்," என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை மேடத்தின் சேலையில் கந்தக வாசனை இல்லை. அடுத்த திங்களும் இல்லை. முன்போல்தான் இருந்தார், முன்போல்தான் எங்களை அதட்டினார். ஆனால் போன் அடித்தால் மட்டும் சட்டென்று எடுப்பார். "யாரு? நைனாவா? இன்னா ஆச்சு?" என்பார். ஒன்றும் ஆகியிருக்காது, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அவர் கேட்டிருப்பார். மேடம் பதில் சொல்லிவிட்டு போனை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருக்கும். கொஞ்ச மாதத்தில் திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்பாவோடு கொல்லைக்கே குடிபோய்விட்டார். எங்கள் ஆபீசில் பாம்பு வந்தால் இப்போது தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் செய்கிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து திரும்பும் வழியில் அங்கே போனேன். வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஒரு தட்டில் கொட்டிக் கொடுத்தார்கள். நைனாவுக்கு என்னைத் தெரியவில்லை. "பாங்கிலேருந்து வர்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். "நம்ம காரு தம்பி நைனா," என்றார் மேடம். "அப்பிடியா, அப்பிடியா," என்று தலையாட்டிவிட்டு எனக்கு மல்லாட்டை உரித்துக் கொடுத்தார்.

அப்போது கேழ்வரகுக் கதிரில் குருவிகள் இறங்கின. நைனா எழுந்தார். மேடமும் எழுந்து, அவர் விழாதபடி இடுப்பில் கை கொடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் வரப்பில் பதுங்கிப் பதுங்கிப் போனார்கள். நானும் பின்னால் போனேன். நைனா நின்றார். கைத்தடியைத் தோளில் பொருத்தி, ஒரு கண்ணை மூடி, வானத்துக்குத் தூக்கினார்.

"சுடட்டுமா பாப்பா?"

"சுடு நைனா," என்று மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நானும் பொத்திக்கொண்டேன்.